இந்தூர் நடை

ஆகஸ்ட் 18, திங்கள்

பிருந்தா கண்ணு, நீ குடுத்த நோட்டில் இன்றைக்கு எழுத ஆரம்பிச்சாச்சு. அப்பா கடைசியாகப் போன வழியெல்லாம் எப்படி இருக்குதுன்னு ஒண்ணு விடாமல் எழுதிட்டு வாங்க மாமான்னு கேட்டாய். உன் மாமன் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவன். அதிலும் அஞ்சாவதை ரெண்டு தடவை படித்தவன். பிழை இருந்தால் காலேஜ் போகிற பிள்ளை நீயே திருத்திக்கொள். திருத்திவிட்டுச் சிரிக்காதே.

ஈரோட்டில் ரயில் ஏறினோம், நானும் மாதையனும். மாதையனை நீ பார்த்ததில்லை. மேட்டூர்க்காரன். நம் முதலாளியின் இன்னொரு லாரிக்கு டிரைவர். என்னைவிட நாலு வயது மூத்தவன், மீசைக்கு மட்டும் மை அடிப்பான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைதான் பேசுவான். சேலம் வருவதற்குள் மூணு வார்த்தையைச் செலவழித்துவிட்டான். "தள்ளு", "படு", "வேண்டாம்".

ஆள் இறந்துபோன வண்டியை ஒத்தை ஆளாக ஓட்டிக்கொண்டு வரக்கூடாது என்பது எங்கள் லாரிக்காரர்கள் வழக்கம். அதனால்தான் முதலாளி ரெண்டு பேரை அனுப்பினார். வண்டி இந்தூரில் ஒரு ஏஜென்ட் வளாகத்தில் நிற்கிறது. போய் எடுத்து, சோயா புண்ணாக்கு ஏற்றி, நாமக்கல்லில் கோழித்தீவன மில்லில் இறக்க வேண்டும். அதுதான் வேலை.

எதிர்ச் சீட்டில் ஒரு அம்மா. போபாலில் மகள் வீட்டுக்குப் போகிறவர். "நீங்க எங்கீங்க போறீங்க?" என்று கேட்டார்.

"எங்க தங்கச்சி மாப்பிள்ளை வண்டியைக் கொண்டுபோயி இந்தூர்ல நிறுத்திட்டாருங்க. எடுத்துட்டு வரப் போறோம்."

"ஏன், அவருக்கே எடுத்துட்டு வரத் தெரியாதாக்கும்?"

"சோம்பேறிங்க. படுத்தா எந்திரிக்கவே மாட்டாரு."

அந்தம்மா நல்லாச் சிரித்தார். நானும் சிரித்தேன். மாதையன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். உங்கப்பன் இருந்திருந்தால் இதுக்குச் சிரித்திருப்பான் கண்ணு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நாள் முழுக்க ரயில். ஆந்திராவில் வெயில், நாக்பூர்ப் பக்கம் மழை. மதியம் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை. மாதையனைக் கேட்டேன். "முட்டை" என்றான்.

ஆகஸ்ட் 20, புதன்

இந்தூர் வந்தாச்சு. இந்த ஊரில் காலையில் அவல் உப்புமாவும் ஜிலேபியும் சேர்த்துத் தின்கிறார்கள். அவலில் ஒரு வாய், ஜிலேபியில் ஒரு கடி. "இந்த ஊரு மாமியாருக எல்லாம் நல்லவங்களாத்தான் இருப்பாங்க, காலங்காத்தால ஜிலேபி குடுக்கறாங்களே" என்றேன். மாதையன் சிரிக்கவில்லை. அவன் மாமியார் அவனோடுதான் இருக்கிறாராம்.

உங்கப்பன் கொண்டுவந்த ஜவ்வரிசி எல்லாவற்றையும் ஏஜென்ட் அப்போதே வேறு ஆளை வைத்து வண்டியை இங்கே ஓட்டிவந்து இறக்கிவிட்டார். நம் ஆடி மாசம்தான் இவர்களுக்கு விரத மாசமாம். விரதத்துக்கு நம் ஊர் ஜவ்வரிசியைத்தான் கிளறிச் சாப்பிடுகிறார்கள், நிலக்கடலை போட்டு, தட்டு நிறைய. இப்படி விரதமென்றால் நான் வருசம் பூராவும் இருப்பேன்.

வண்டி மழையில் நனைந்து நின்றது. கதவைத் திறந்தேன். உங்கப்பன் செருப்பு சீட்டுக்கு அடியில் சோடியாக இருந்தது. துண்டு ஒன்று ஸ்டியரிங் மேல் காய்ந்து விறைத்துக் கிடந்தது. சாப்பாட்டுப் பெட்டியில் அரிசி, பருப்பு, உங்கம்மா அரைத்துக் கொடுத்த குழம்புப் பொடி. பாதி டப்பா மீதி இருக்கிறது.

மாதையன் முன் டயர் ரெண்டுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினான். வண்டி ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனது.

சீட்டுக்குப் பின்னால் உங்கப்பன் கடைசியாகப் படுத்த படுக்கைப் பலகை இருக்கிறதே, அதில் மாதையன் படுக்க மாட்டேன் என்றான். ஏஜென்ட் ஆபீஸ் வாசலில் படுத்துக்கொண்டான். நான் அதில் படுத்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. படுத்ததும் தூங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

லோடு ஏறியது. மூட்டை எண்ணி, தார்ப்பாய் போட்டு, கயிறு இழுத்துக் கட்டவே சாயங்காலம் ஆகிவிட்டது. புண்ணாக்கு வாசம் மூக்கிலேயே நிற்கிறது. நம் ஊர்க் கோழிகளுக்கு இந்தூர்ச் சாப்பாடு. நம் ஊர் மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசியாகி இந்தூர் விரதக்காரர்களுக்கு. நாங்கள் நடுவில் ஓடிக்கொண்டே இருக்கிறோம்.

வண்டி ஓரமாக ஸ்டவ் பற்றவைத்துக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். உங்கம்மா பொடிதான். மாதையன் ஒரு வாய் வைத்ததும் தண்ணீர் குடித்தான்.

"காரம்" என்றான்.

"காரமா?"

"உனக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. ரெண்டு மிளகாயைத் தனியாகக் கடித்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. நாக்கில் ஒன்றும் இல்லை.

உங்கம்மா போன் பண்ணினாள். தினமும் இந்த நேரத்துக்குப் பண்ணுகிறாள். தினமும் சொல்வதைத்தான் சொன்னாள்.

"நாந்தானுங்கண்ணா அவரைப் போகச் சொன்னேன். நெஞ்சு கரிக்குதுன்னு சொன்னாரு. வாயுவா இருக்கும்னு சீரகத் தண்ணி வெச்சுக் குடுத்தேன். அண்ணனுக்குக் காய்ச்சல் நெருப்பாட்ட கொதிக்குது, இந்த ஒரு நடை நீங்க போயிட்டு வாங்கன்னு நாந்தான் பையைக் கட்டிக் குடுத்தேன். நாந்தானுங்கண்ணா அனுப்பிச்சேன்."

"சாப்பிட்டியா கோகிலா?"

"எறங்க மாட்டேங்குதுங்கண்ணா."

போய் வந்தால் அது ஒரு நடை. லாரிக்காரர்கள் அப்படித்தான் சொல்வோம். அந்த நடை என் முறை. எனக்குக் காய்ச்சல், அதனால் உங்கப்பன் போனான். இது உனக்கே தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இந்தூரை விட்டுக் கிளம்பினோம். ரோட்டின் ரெண்டு பக்கமும் சோயாச் செடி, பச்சைப் பசேலென்று. மதியத்துக்கு மேல் உங்கப்பன் கடைசியாகச் சாப்பிட்ட தாபா வந்தது. அதன் முன்னால் வண்டி நிறுத்தும் இடத்தில்தான் அவன் ராத்திரி சாப்பிட்டுப் படுத்தது. காலையில் எழுப்பியவர் அந்தத் தாபாக்காரர்தான். போலீசுக்குச் சொன்னதும், நமக்குப் போன் பண்ண ஆள் பிடித்ததும் அவர்தான். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம் என்று நிறுத்தினோம்.

வண்டியைப் பார்த்ததுமே மாவுக் கையோடு ஓடிவந்தார். பெரிய ஆள், பெரிய வயிறு. எனக்குத் தெரிந்த இந்தி "கித்னா", "பானி", "சலோ". அவருக்குத் தெரிந்த தமிழ் "சாமி", "சாப்பாடு". இதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினோம். உங்கப்பன் உட்கார்ந்த கயிற்றுக் கட்டிலைக் காட்டினார். நாலு ரொட்டி, பருப்பு, மோர், அப்புறம் ஒரு சுடுதண்ணீர். எல்லாம் கையால் செய்து காட்டினார்.

அப்புறம் என் நெஞ்சைத் தொட்டு, "சாலா? சாலா?" என்று கேட்டார். பெண்டாட்டியின் அண்ணன் தம்பியை இவர்கள் அப்படிச் சொல்வார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு வந்துவிட்டது. கூடைக்குப் போய் ஒரு வெங்காயத்தை எடுத்தார். சட்டைக்குள் கையை விட்டு அதைக் கக்கத்தில் வைத்து இறுக்கிக்கொண்டார். கட்டிலில் படுத்து, போர்வையை இழுத்து மூடி, உடம்பை நடுக்கி முனகினார். நடுவில் ஒரு கண்ணை மட்டும் திறந்து யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார். ரொட்டி சுடுகிறவர், தட்டுக் கழுவுகிறவர் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்னாலேயே பார்த்த கூத்துக்குச் சிரிக்கிற மாதிரி.

அப்புறம் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

அவர் என்ன நடித்துக் காட்டினார் என்று பாஷை தெரியாததால் எனக்குப் புரியவில்லை. டீ நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 23, சனி

பேதூல் மலை. மழை. தேக்குக் காடு. மாதையன் ஓட்டினான். ஒரு வார்த்தைகூடச் செலவாகவில்லை, ரெண்டு பேருக்கும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பிருந்தா, இந்தப் பக்கம் உனக்கில்லை. கிழித்துவிட்டுத்தான் நோட்டை உன்னிடம் தருவேன்.

எனக்குக் காய்ச்சல் இல்லை.

ஆகஸ்ட் மூணாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கூட்டாளி தோட்டத்தில் கிடா விருந்து. நடைக்குப் போனால் விருந்து போய்விடும். முதலாளியிடம் கிடாக்கறிக்காக லீவு கேட்க முடியுமா? வீட்டுக்காரி மகள் பிரசவத்துக்குக் கரூர் போயிருந்தாள், கேட்க ஆளில்லை. விருந்துக்கு ஒரு வாரம் முன்னால், நடை கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாளே, உடம்பு சுடட்டும் என்று வெங்காயத்தை நறுக்கி ரெண்டு கக்கத்திலும் வைத்துப் படுத்தேன். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். கோகிலா வருகிற சத்தம் கேட்டதும் டீ டம்ளரை நெற்றியில் வைத்து உருட்டினேன். அவள் கையை வைத்துப் பார்த்து, "ஐயோ, கொதிக்குதே" என்றாள். எனக்குப் போர்வைக்குள் சிரிப்பு அடக்க முடியவில்லை. அதைக் குளிர் நடுக்கம் என்று நினைத்து இன்னொரு போர்வை போட்டாள்.

வேறு டிரைவர் யாராவது போவார்கள் என்றுதான் நினைத்தேன். அவள் ஓடிப்போய்த் தன் புருசன் நாச்சிமுத்துவையே அனுப்புவாள் என்று நினைக்கவில்லை. அவன் அப்போதுதான் ஒரு நடை முடித்துவிட்டு வந்து ரெண்டு நாள் ஆகியிருந்தது. கிளம்புவதற்கு முன்னால் என்னைப் பார்க்க வந்தான். பாயோரம் உட்கார்ந்தான். "மச்சான், ஒடம்பைப் பாத்துக்குங்க" என்றான். அவன் முகம் ஒரு மாதிரி இருந்தது. இப்போதுதான் புரிகிறது, அவனும் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறான். பாயில் எங்கேயோ ஒரு வெங்காயத் துண்டு உருண்டு கிடந்திருக்கும்.

தெரிந்தேதான் போயிருக்கிறான். ஏன் போனான்? இந்தூர் ஜிலேபிக்கா? திரும்பிவந்து பத்து வருசத்துக்கு என்னை வெங்காயம் என்று கூப்பிடலாம் என்றா? பாஷை தெரியாத ஊரில் கட்டிலில் படுத்து நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறான். அப்புறம் சுடுதண்ணீர் கேட்டிருக்கிறான்.

மூணாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, விருந்து அன்றைக்குத்தான் ஆம்புலன்ஸ் வந்தது.

நான் இன்னும் அழவில்லை. இறக்கும்போதும் அழவில்லை, எடுக்கும்போதும் அழவில்லை. காய்ச்சலில் எழுந்து வந்தவன், பாவம், மரத்துப்போய் நிற்கிறான் என்று ஒறம்பரைச் சனங்கள் எனக்கு மோர் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நாக்பூர் தாண்டி, ஒரு புளியமர நிழலில் வண்டியை நிறுத்திச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். டிராக்டரில் பெரிய பெரிய பிள்ளையார் போய்க்கொண்டிருந்தார்கள், சதுர்த்திக்கு. மாதையன் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"உனக்குக் காய்ச்சல் இல்லை" என்றான்.

மூணு நாளாக மனசுக்குள் ஓட்டிக்கொண்டே வந்திருக்கிறான்.

"இல்லை."

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சிருக்கு."

"அப்ப கோகிலாவுக்கு மட்டுந்தான் தெரியாது."

நான் கஞ்சியை வடித்தேன். "எங்கிட்டப் பத்து வார்த்தைக்கு மேல பேசிட்டே மாதையா, நாளைக்கு என்ன பண்ணுவே?" என்றேன். அவன் எழுந்து போகவில்லை. அப்படியே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் கோகிலா நம்பரிலிருந்து போன். பேசினது பிருந்தா. "மாமா, அம்மா காலையில கொடத்தோட விழுந்துட்டாங்க. டிரிப்ஸ் ஏத்தியிருக்குது. டாக்டரு வகுத்துல ஒண்ணுமே இல்லைங்கறாரு. ஒரு வாரமா ராவுல ரெண்டு வாய்க் கஞ்சிதான் மாமா. திங்கச் சொன்னா, அவரைப் பட்டினிக்கு அனுப்பிச்சவ நான், எனக்கென்ன சோறுன்னு கேக்கறாங்க."

"பட்டினியில்லை கண்ணு. உங்கப்பன் நாலு ரொட்டி, பருப்பு, மோரெல்லாம் சாப்பிட்டுட்டுத்தான் படுத்தான். பார்த்த ஆளே சொன்னாரு. அம்மாகிட்டச் சொல்லு."

"அதை நீங்களே சொல்லுங்க மாமா. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

நான் சொன்னால் கேட்பாள். அவள் பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஆதிலாபாத், நிர்மல். பருத்திக்காடு. ரோடு நல்ல ரோடு.

போனில் சொல்லிவிடலாம் என்று ரெண்டு தடவை எடுத்தேன். ஒரு தடவை டிரிப்ஸ் ஏறுகிறது என்றார்கள். இன்னொரு தடவை அவளே எடுத்தாள். "என்னங்கண்ணா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நோட்டைப் பிருந்தாவிடம் கொடுத்து, இந்தப் பக்கங்களையும் கிழிக்காமல் விட்டுவிட்டால் அவளே படித்து அம்மாவுக்குச் சொல்லிவிடுவாள் என்று ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்று தோன்றியது. மாதையனிடம் சொன்னேன்.

"த்தூ" என்றான்.

அது ஒரு வார்த்தையில் சேருமா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

ஐதராபாத்தைச் சுற்றிக்கொண்டு கர்நூல் வந்தோம். பிள்ளையார் சதுர்த்தி. துங்கபத்திரையில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. எங்களைப் பார்த்து ஒரு பந்தல்காரர் சுண்டலும் கொழுக்கட்டையும் கொடுத்தார். கொழுக்கட்டை இனிப்பாம். மாதையன் சொன்னான்.

அனந்தபூர் ரோட்டில் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். மாதையன் திடீரென்று துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டான்.

"நான் கோகிலா. சொல்லு."

"என்னடா இது?"

"சொல்லு."

மை பூசிய மீசையோடு ஒரு கோகிலா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கோகிலா, அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்..." என்று ஆரம்பித்தேன். "காய்ச்சல் அவ்வளவு எச்சா இல்லை" என்று முடித்தேன்.

"மறுபடி."

"காய்ச்சல் கொஞ்சம்தான் இருந்துச்சு..."

"மறுபடி."

"ஒரு தமாசு பண்ணலாம்னு..."

"மறுபடி."

அனந்தபூர் வரை போனது இப்படி. காற்றாடிகள் மலை மேல் சுற்றிக்கொண்டே இருந்தன. எத்தனை தடவை சொன்னாலும் வாய் கடைசியில் ஒரு சிரிப்பில்தான் போய் முட்டுகிறது. அம்பது வருசமாக அந்தப் பக்கமே திரும்பிப் பழகின வாய். பதினேழோ பதினெட்டோ ஆன பிறகு ஒரு தடவை சிரிப்பில்லாமல் சொல்லி முடித்தேன். மூணே வாக்கியம்தான்.

மாதையன் முக்காட்டை எடுத்தான். "அதான்" என்றான். தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு, முதல் தடவையாகப் பின்னால் படுக்கைப் பலகையில் ஏறிப் படுத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஓசூர். தமிழ் போர்டுகள். ஒரு கடையில் இட்லி. சேலம் தாண்டி நாமக்கல். மில்லில் லோடு இறக்கினோம். ஒரு மூட்டைகூட நனையவில்லை என்று சூப்பர்வைசர் பாராட்டினார். வண்டியை முதலாளி ஷெட்டில் விட்டுச் சாவியைக் கொடுத்தோம். மாதையன் மேட்டூர் பஸ் ஏறினான். ஏறுகிற முன்னால், "நாளைக்கு" என்றான். நான் தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலையில் போனேன். கோகிலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கை வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது. பிருந்தா இட்லித் தட்டை அம்மா முன்னால் வைத்துவிட்டு, "நீங்களாவது சொல்லுங்க மாமா" என்று சொல்லி உள்ளே போனாள்.

"வாங்கண்ணா. வண்டி பத்திரமா வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு."

"நாந்தானுங்கண்ணா அவரை..."

"கோகிலா. எனக்குக் காய்ச்சல் இல்லை. கிடா விருந்துக்குப் போகோணும்னு வெங்காயத்தைக் கக்கத்துல வெச்சுட்டுப் படுத்திருந்தேன். நீ அனுப்பலை, நான் சொன்ன பொய்தான் அவனை அனுப்புச்சு."

சொல்லி முடித்துவிட்டேன். அவள் புரியாத மாதிரி பார்த்தாள்.

"நான் ரசம் வெச்சுக் கொண்டாந்தேனே, அப்பவுமாங்கண்ணா?"

"அப்பவும் இல்லை."

"மாத்திரை குடுத்தனே."

"துப்பிட்டேன்."

"கிடா விருந்துக்கா." முன்னால் இருந்த இட்லியைப் பார்த்தாள். "தின்னீங்களா?"

"இல்லை. அன்னைக்குத்தான் அவனைக் கொண்டாந்தாங்க."

பிருந்தா கதவோரம் வந்து நின்றுவிட்டாள். இதோடு எழுந்திருக்கலாம் என்றிருந்தது. ஆனால் பாதியை மறைத்துவிட்டு வந்தால் மாதையன் மறுபடி என்பான்.

"அவனுக்குத் தெரியும் கோகிலா. தெரிஞ்சேதான் போனான். அந்தத் தாபாவில் எல்லாருக்கும் நடிச்சுக் காட்டிச் சிரிச்சிருக்கான்."

அவளுக்கு இது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். கோபமாகச் சாகவில்லை, சிரித்துக்கொண்டுதான் இருந்தான் என்று. அவள் முகம் அப்போதுதான் மாறியது.

"அவருக்கும் தெரியுமா? தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா? நெஞ்சு கரிக்குதுன்னு சொன்ன மனுசன்... பொய்க் காய்ச்சலு, நான் போகலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விட்டிருப்பனா? ரெண்டு பேரும் சேந்துட்டு என்னையக் கேணச்சி ஆக்கிட்டீங்களே. இருவத்தேழு நாளு. இருவத்தேழு நாளா நான் கொன்னுட்டேன் கொன்னுட்டேன்னு உங்கிட்டத்தானே சொன்னேன். தெனமும் போன் பண்ணி உங்கிட்டத்தானே சொன்னேன். கேட்டுட்டுத்தானே இருந்தே."

"கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

"எந்திரிச்சுப் போ."

எழுந்தேன்.

"எந்திரிச்சுப் போ! இந்த வாசப்படி மிதிக்காதே!"

தட்டு பறந்து வந்து கதவில் பட்டது. நான் தெருவுக்கு வந்த பிறகு அவள் அழுகிற சத்தம் கேட்டது. பெரிய சத்தம். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வெளியே வந்து பார்த்தார்கள். எடுத்த அன்றைக்குக்கூட அவள் இப்படி அழவில்லை.

எனக்குக் கண்ணில் ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். பத்து நாள் துணி இருந்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மாதையன் போன் பண்ணினான். "சொன்னியா?" என்றான். "சொன்னேன்" என்றேன். வைத்துவிட்டான்.

செப்டம்பர் 3, புதன்

கடைவீதியில் கோகிலா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார். டீக்கடையில் பேச்சு நின்றது. என் வழக்கப்படி எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரி கரூரிலிருந்து கூப்பிட்டாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. "வாரம் கழிச்சு வர்றேன்" என்றாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

பிருந்தா போன் பண்ணினாள்.

"அம்மா எப்படி இருக்கறா?" என்று நான்தான் கேட்டேன்.

"இருக்கறாங்க." குரலில் ஈரமே இல்லை. "நேத்து அவிநாசியிலிருந்து பெரியம்மா வந்திருந்தாங்க. நாந்தான் அனுப்பிச்சேன்னு அம்மா சொல்லலை. எங்கண்ணன் பொய் சொன்னான், அவனாலதான் போனாருன்னு சொன்னாங்க. வர்றவங்ககிட்டயெல்லாம் இப்ப அதத்தான் சொல்றாங்க. சத்தமாச் சொல்றாங்க."

"செரி."

"எனக்கும் உங்க மேல கோவந்தான் மாமா."

"செரி கண்ணு."

"நம்மூட்டுப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க."

"வரலை. சாப்பிடறாளா?"

கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள். இவனுக்கு எதற்கு இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

"இன்னைக்கு மத்தியானம் பச்சைப்பயிறு கடைஞ்சேன். உக்காந்து உங்களைத் திட்டிட்டே சாப்பிட்டாங்க. ரெண்டாந்தடவை சோறு போட்டுக்கிட்டாங்க."

வைத்துவிட்டாள்.

ரெண்டாந்தடவை போட்டுச் சாப்பிட்டிருக்கிறாள்.